ஏழாவது கை

வாங்க வாங்க என்று வாய் சொல்லும்போதே வலது கை பன்னீர்ச் சொம்பைச் சாய்க்கிறது, இடது கை சந்தனத் தட்டைக் காட்டுகிறது, முகம் சிரிக்கிறது. இதற்கெல்லாம் நான் தேவையே இல்லை, உடம்பு தானாகப் பழகிக்கொண்டது. நான் உள்ளே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலிலிருந்து பார்த்தால் மண்டபத்தின் வலது பக்கத் தூணுக்குப் பின்னால் அது பாதிதான் தெரிகிறது. மற்ற நாற்காலிகளுக்கெல்லாம் மஞ்சள் துணி போர்த்தி முதுகில் ரிப்பன் கட்டியிருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. காலையில் நான் சொல்லித்தான் அதைத் தனியாகக் கொண்டுவந்து போட்டார்கள், துணி பத்தவில்லை. அதில் உட்கார்ந்திருப்பவர் கல்யாணப் பெண்ணின் அம்மா. பெயர் மங்கையர்க்கரசி. காப்பித்தூள் கலரில் ஒரு பட்டு, நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மேடையில் அவர் மகள் வைஷாலியை மணையில் உட்கார வைத்து எல்லோரும் சூழ்ந்து நின்று சிரிக்கிறார்கள், நலங்குக்குத் தட்டு அடுக்குகிறார்கள், அம்மா தூணைச் சுற்றித் தலையை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். மேடை நன்றாகத் தெரியும் என்று நான்தான் சொன்னேன். தெரியவில்லை. காலையில் போடச் சொன்னபோதும் நான் அங்கே உட்கார்ந்து பார்க்கவில்லை, இங்கிருந்து கையைக் காட்டினேன், அவ்வளவுதான். போன வாரம் ஜெனிட்டா, எங்கள் ஈவென்ட் கம்பெனி முதலாளி, வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள், லேப்டாப்பை மடக்கிவிட்டுக் கேட்டாள். "அக்கா, பொண்ணுக்கு அப்பா இல்ல. அம்மா நலங்குல கை வைக்க மாட்டாங்களாம், பெரியம்மாதான் எல்லாம் செய்யறாங்களாம். அம்மாவ எங்க உட்கார வைக்கறது? முன்னாடி இருந்தா அவங்களுக்கும் கஷ்டம், போட்டோவுலயும் விழுந்துக்கிட்டே இருப்பாங்க." நான் யோசிக்கக்கூட இல்லை. வலது தூண் பக்கம் ஒரு சேர் போட்டுடலாம் ஜெனி, மேடை தெரியும், கேமராவுல வராது, யாருக்கும் சங்கடம் இருக்காது என்றேன். அவள் என் தோளைத் தட்டி, "இதுக்குத்தான்க்கா நீங்க வேணும்" என்றாள். அந்தத் தட்டல் அன்று பூராவும் எனக்கு இனித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுகூட இனித்தது. அதைச் சொன்ன நானும் புருஷனைப் பறிகொடுத்தவள்தான். அது ஜெனிட்டாவுக்குத் தெரியாது. இங்கே ஒருவருக்கும் தெரியாது.

வாங்கம்மா, வாங்கண்ணா, குழந்தைக்குக் கல்கண்டு எடுத்துக்குங்க. குழந்தை கை நிறைய அள்ளுகிறது, அதன் அம்மா கண்ணை உருட்டுகிறாள், பரவாயில்லைங்க என்று நான் சிரிக்கிறேன். இந்தப் பரவாயில்லைங்க என்கிற வார்த்தை எனக்கு எங்கேயிருந்து வந்தது? வீட்டில் நான் அதைச் சொன்னதே இல்லை. இங்கே நாள் முழுக்கச் சொல்கிறேன், மனசாரச் சொல்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஜெனிட்டா என்னிடம் முதலில் கேட்டது அதுதான், இந்த வேலையில உங்களுக்கு என்னக்கா பிடிக்கும்னு வர்றீங்க. உறையூரில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ், சுவர் முழுக்கக் கல்யாணப் படங்கள். பிழைப்புக்கு என்று சொன்னால் வேறு வேலை இல்லையா என்பாள். கூட்டம் பிடிக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. காலையில் ஒன்றும் இல்லாத மண்டபம், பினாயில் வாடை, எதிரொலி. அதில் நாலு பேர் ஏணி போடுவார்கள், துணி ஏறும், பூக்கூடை வரும், வயர் ஓடும், மைக்கில் யாரோ ஊதுவார்கள், பிறகு ஒரு நிமிஷத்தில் விளக்கெல்லாம் ஒன்றாக எரியும். ஆட்கள் வருவதற்கு முன்னால் அந்த வெளிச்சத்தில் நாங்கள் மட்டும் நிற்போம். அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சு விம்மும், கல்யாணம் எனக்குத்தான் என்பது மாதிரி. பிறகு ஜனங்கள் வருகிறார்கள், முதலில் என் முகத்தில்தான் விழிக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், அடுத்த நாள் என்னை ஞாபகம் இருக்காது. யாரும் நீ யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன்? தூணுக்குப் பின்னால். இங்கே வாசலில் நிற்கிறேன், பட்டுக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லியோடு, குங்குமத்தோடு. அன்று பேச்சோடு பேச்சாக அவள் கேட்டாள், "வீட்டுக்காரர் என்ன பண்றார்க்கா?" வரவேற்புக்கு நிற்கிற வேலை என்று அதற்கு முன்னால்தான் சொல்லியிருந்தாள். என் வாய் திறந்தது. "மஸ்கட்ல இருக்கார்" என்றேன். ஏன் மஸ்கட்? அந்த ஊரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் யாரோ அங்கே இருக்கிறார் என்று கேட்ட ஞாபகம். கழுத்தில் அப்போது ஒரு கவரிங் சங்கிலி இருந்தது, நுனி புடவைக்குள்ளே. நுனியில் ஒன்றும் இல்லை. இப்போதும் அதேதான்.

பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. கூட வேலை செய்கிற பெண்கள் கேட்பார்கள், அண்ணன் போன் பண்ணினாரா, ரம்ஜானுக்கு லீவு இல்லையா, அங்கே வெயில் எப்படியாம். நான் சொல்வேன். நேற்று பேசினார், சாப்பிட்டியான்னு கேட்டார், ரொம்ப நேரம் நிக்காத கால் வீங்கும்னு சொன்னார், பொண்ணு ஓவியா மார்க்கை விசாரிச்சார். மஸ்கட்டில் இருக்கிறவர் நன்றாகப் பேசுகிறார். என் புருஷன் தியாகராஜன் இப்படியெல்லாம் பேசியதே இல்லை. நல்ல மனுஷன். கை நீட்டினதில்லை, குடித்ததில்லை, ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னதில்லை. ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. வேலைக்குப் போவார், வருவார், பேப்பர் படிப்பார், சீக்கிரம் விளக்கை அணைத்துவிடுவார். கூட்டம் என்றால் அவருக்கு வேர்க்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முகூர்த்தம் முடிவதற்குள் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, "கிளம்பலாமா" என்பார். பந்தியில் உட்கார மாட்டார். நான் அந்த வாசனையை மட்டும் முகர்ந்துவிட்டுப் பின்னாலேயே வருவேன், ஸ்கூட்டரில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு. மல்லிகை வாசம் தலைவலி கொடுக்கும் அவருக்கு. அதனால் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் ஒரு துண்டு கனகாம்பரம் வைத்துக்கொள்வேன், வாசம் இல்லாதது. அவர் கேட்டு நான் விட்டதில்லை. அவர் ஒரு நாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நானே எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டேன், அதன்பிறகு வாங்கவில்லை. யார் மேலும் குற்றம் இல்லை. அதுதான் தொல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் இப்படிச் சந்தோஷமாக இருப்பதற்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். போன ஆடியில் ஒரு காலை, செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நிமிராமலே போய்விட்டார். அவர் இருந்திருந்தால் நான் இந்த வாசலில் நிற்க முடியாது. இதை நான் யோசிக்கக் கூடாது. யோசிக்கிறேன். விளக்கெல்லாம் ஒன்றாக எரிகிற அந்த நிமிஷத்தில் நெஞ்சு விம்மும்போது, கூடவே அடியில் இதுவும் இருக்கிறது, அவர் போனதால் கிடைத்தது இது. வாங்க சார், செருப்பு அந்தப் பக்கம் விடுங்க, டோக்கன் தருவாங்க.

வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்போது பூவை எடுத்துவிடுவேன். குங்குமத்தைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுச் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. பூவைக் கீழே போட மனசு வராது, ஆட்டோவில் முன்னால் ஒட்டியிருக்கிற சாமி படத்துக்கு மாட்டச் சொல்லிக் கொடுத்துவிடுவேன், டிரைவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். வீட்டுக்குள் நுழையும்போது நான் ஓவியாவின் அம்மா, தியாகராஜனின் பெண்சாதி, அடங்கினவள். ஓவியா பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்தவரை நான் ஈவென்ட் கம்பெனியில் சாமான் சரிபார்க்கிறேன். ஒரு நாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள், "அம்மா, உன் மேல மல்லி வாசமா இருக்கு." அங்கே கூடை கூடையா இறக்கினாங்கடி என்றேன். "நல்லா இருக்கு" என்றாள், திரும்பப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நல்லா இருக்கு என்று எதைச் சொன்னாள்? அப்பாவுக்குத் தலைவலி வரும் என்று அவளுக்குத் தெரியுமே. நான் சமையலறையில் நின்று பைப்பைத் திறந்துவிட்டேன், தண்ணீர் சத்தம் வேண்டும் என்பதற்காக. மல்லி வாசம் வந்தால் எனக்கு அந்த நாள் வந்துவிடுகிறது. வேண்டாம். அந்தப் பெரியவருக்குப் படி தெரியவில்லை, கை பிடிக்கணும், மெதுவா வாங்கய்யா, இந்தப் பக்கம். அந்த நாளை விடு. போன தையில் நான் வாசலில் நின்ற ஒரு கல்யாணம், கே.கே. நகர்ப் பையன், வெள்ளையாக உயரமாக ஒரு பெண், மூன்றே மாதத்தில் பிரிந்துவிட்டார்கள் என்று ஜெனிட்டா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், அவளுக்கு அது ஒரு செய்தி. அந்தப் பெண் உள்ளே வரும்போது நான் அவள் தலையில் பன்னீர் தெளித்தேன். நான் இதையெல்லாம் நம்புகிறவளா? அவர் இருக்கும்போது கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா புருஷனை இழந்தவள், எதிரே வந்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவேன். என் விஷயத்தில் மட்டும் நம்புகிறேன். ஏனென்றால் என்னிடம் பொய் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது, அதனால் தண்டனை எங்கேயாவது இருந்தாக வேண்டும் என்று தோன்றுகிறது, அது எனக்கு விழாமல் அந்தப் பெண்ணுக்கு விழுந்துவிட்டதோ என்று. அந்த நாள். அவர் போன பத்தாம் நாளுக்கு முந்தின சாயங்காலம். சரி, நினைத்துத் தொலைக்கிறேன். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். கூரைப்புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல், தலை நிறைய மல்லி, தலைவலிக்கு இனி யாரும் இல்லை என்று அவருடைய அக்காவே சொல்லி அழுதுகொண்டே வைத்துவிட்டாள். கூடத்தின் நடுவில் உட்கார வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள், பூ கொடுத்தார்கள், பார்த்துப் பார்த்து அழுதார்கள், அடுத்த நாள் எல்லாவற்றையும் எடுத்துவிடப்போகிறார்கள் என்பதற்காக. பீரோக் கண்ணாடி எதிரே இருந்தது. அதில் நான் என்னைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படி இருந்ததில்லை. மூக்கில் மல்லிகை. எல்லாக் கண்ணும் என் மேல். ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவர் படம் பக்கத்தில் இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. பிறகு நான் சத்தம் போட்டு அழுதேன், எல்லோரும் அவருக்காக என்று நினைத்தார்கள், பாவம், இப்பத்தான் அவளுக்கு உறைக்குது என்று ஒருத்தி சொன்னாள்.

மேடையில் ஏதோ தடங்கல். பெரியம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறார், விரலால் பெண்களை எண்ணுகிறார், திரும்ப எண்ணுகிறார். ஆறு பேர். ஏழு சுமங்கலி வேண்டும். ஏழாவதாக வரவேண்டிய அத்தை குடும்பத்தோடு டோல்கேட் பக்கம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாளாம், ராகுகாலம் வந்துவிடும், போட்டோக்காரர்கள் கேமராவை இறக்கிவிட்டார்கள். இதெல்லாம் என் வேலை, யாரையாவது கூட்டத்திலிருந்து பிடித்துக்கொடுக்கலாம், கண்ணால் தேடுகிறேன், அந்த மெரூன் புடவை, அவளைக் கேட்கலாமா, அவள் மாப்பிள்ளை வீடு. தேடிக்கொண்டிருக்கும்போதே தூண் பக்கம் நாற்காலி காலியாகிவிட்டது. மங்கையர்க்கரசி அம்மா சுவர் ஓரமாகவே நடந்து வாசலுக்கு வருகிறார், நடுவழியை விட்டுவிட்டு, யார் எதிரிலும் படாமல். அந்த நடை எனக்குத் தெரியும். என்னிடம் வருகிறார் என்று தெரிந்ததும் என் கைச் சொம்பு தட்டில் பட்டு ணங் என்றது. "அனுசுயாதானே உங்க பேரு? காலைலேருந்து பாக்கறேம்மா, மகாலட்சுமி மாதிரி நிக்கறீங்க. ஒருத்தர் குறையுது. நீங்க ஒரு கை வச்சுடுங்களேன். எங்க அக்காகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டா." நான் வேலைக்கு வந்தவம்மா என்றேன். "அதனால என்ன, வீட்டு ஆள் மாதிரிதான் செய்யறீங்க." நான் சுற்றிப் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. "அவர் இல்லைங்க" என்றேன். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் முழங்கையைத் தொட்டார். "தெரியும்மா, மஸ்கட்ல இருக்கார்னு அந்த ஜெனிட்டாப் பொண்ணு சொல்லுச்சு. தூரத்துல இருந்தா என்ன, நல்லபடியா இருக்கார்ல, அது போதும். எங்க வீட்டவரும் மூணு வருஷம் துபாய்ல இருந்தார். வாங்க." ஒரு வார்த்தை பாக்கி இருந்தது, அதை மஞ்சள் துணிக்கும் மஞ்சள் பூவுக்கும் நடுவில் நின்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கால்கள் அவர் பின்னால் போயின. அவர் சுவர் ஓரமாகப் போனார். நானும் சுவர் ஓரமாகவே போனேன்.

மேடைக்குப் பக்கவாட்டில் சாமான் அறைக் கதவு, அதற்கு வெளியே ஒரு மேஜை, மேஜை மேல் பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள், பக்கத்தில் சந்தனம், குங்குமம், அட்சதை. எல்லாம் நான் காலையில் எடுத்து வைத்தது. பேக்டிராப் திரைக்குப் பின்பக்கம், யாருக்கும் தெரியாது. அவர் கிண்ணத்திலிருந்து கையளவு தள்ளியே நின்றார். "எடுத்துக்குங்க" என்றார். அவர் முந்தானையை இழுத்து விரல்களை அதற்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தன் பெண்ணின் மஞ்சளில் தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று. அங்கே எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பொய்யைச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கலாம், யார் தலையிலோ பன்னீர் தெளிக்கலாம், ஆனால் இவருக்கு முன்னால் இந்தக் கிண்ணத்தில் எப்படிக் கை விடுவேன்?

"மஸ்கட்லயும் இல்லைங்க" என்றேன். "எங்கேயும் இல்லை. போன ஆடியில தவறிட்டார்."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. கண் என் நெற்றிக்குப் போனது, தலைப் பூவுக்குப் போனது, கழுத்துச் சங்கிலிக்கு வந்து நின்றது.

"அப்ப இதெல்லாம்?"

"கம்பெனில குடுக்கறதுங்க. வேலைக்காக. வேலைக்காக மட்டும்னு சொன்னா அதுவும் பொய். எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க சேரைத் தூணுக்குப் பின்னாடி போடச் சொன்னதும் நான்தாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன், அல்லது அக்கா என்று கத்துவார், ஜெனிட்டா ஓடி வருவாள். வேலை போகும், போகட்டும், பாலம் வரைக்கும் காத்திருக்காமல் இங்கேயே பூவை எடுத்துவிடலாம். அவர் கத்தவில்லை. மேடையில் யாரோ பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார்கள். "அந்தச் சேர் நீங்க போட்டதுன்னு தெரியும்" என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணு சொல்லுச்சு, அனுசுயா அக்கா உங்களுக்குச் சங்கடம் வேணாம்னு யோசிச்சுப் போட்டாங்கன்னு. எவ்வளவு நல்ல மனசுன்னு நினைச்சுக்கிட்டேன்." அவர் குத்திச் சொல்லவில்லை, அப்படியே நினைத்ததைச் சொன்னார். அதனால் தாங்க முடியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர் வேறொன்றைக் கேட்டார்.

"இப்படி எத்தனை கல்யாணத்துல நின்னிருப்பீங்க?"

"நிறையங்க."

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

இதற்கு ஒரு நல்ல பதில் சொல்லலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று. இவரிடம் என்னால் முடியவில்லை. "ஒரு பொண்ணுக்கு வயித்துல ரெட்டைக் குழந்தைங்க. ரெண்டு பேர் வெளிநாடு போயிட்டாங்க. ஒரு ஜோடி பிரிஞ்சுட்டாங்க. மூணே மாசம். அது என்னாலயான்னு இன்னும் யோசிக்கிறேன்."

"எங்க கல்யாணத்துல எனக்கு நலங்கு வச்சது ஏழும் சுமங்கலிங்கதான்" என்றார் அவர். திரைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா குரல் கேட்டது, "மங்கை, அந்தப் பொண்ணு வந்தாளா இல்லையா, நேரமாகுதுடி." இவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. அது இவருடைய கை இல்லை என்பது மாதிரி இவரே அதைப் பார்த்தார். நாலு விரலும் மஞ்சளுக்குள் போயின. அள்ளினார். நலங்குக்கு யாரும் அவ்வளவு எடுக்க மாட்டார்கள், விரல் நுனியில் தொட்டு வைப்பார்கள். என் உள்ளங்கையைப் பிடித்து விரித்து அதில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். அவர் கை சில்லென்று இருந்தது. "அம்மா, நீங்களே வந்து வைங்களேன்" என்றேன். "அக்கா ஊரைக் கூட்டிடுவா. நாளைக்கு என் பொண்ணு அங்க போய் வாழணும். ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க, நானும் என்னைத்தான் சொல்லிக்குவேன். போங்க, ஒழுகுது பாருங்க."

படி ஏறினேன். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்தது, கேமராக்கள் உயர்ந்தன. பெரியம்மா, "வாம்மா, வாம்மா, இந்தப் பக்கம்" என்றார். ஆறு பெண்கள் நகர்ந்து வழி விட்டார்கள். ஒருத்தி என் காதில், "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றாள், சும்மா பேச்சுக்குத்தான். நான் கேட்காத மாதிரி குனிந்தேன். வைஷாலி நிமிர்ந்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண், என் ஓவியாவைவிட நாலைந்து வயசுதான் மூத்தவளாக இருப்பாள். கன்னத்தில் ஆறு பேர் வைத்த மஞ்சள் ஆறு புள்ளியாகக் காய்ந்திருந்தது. அவள் கண் என்னைத் தாண்டி மண்டபத்தில் தேடியது. "அக்கா, எங்கம்மா அந்தச் சேர்ல இல்லையே" என்றாள், உதடு அசையாமல், சிரித்துக்கொண்டே, கேமரா இருக்கிறதல்லவா. இவள் காலையிலிருந்து அந்தத் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையை விரித்தேன். வலது கன்னத்தில் வைத்தேன், தாடை வரைக்கும் இழுத்தேன், இடது கன்னத்தில் வைத்தேன், நெற்றியில், கழுத்தில், கைகளில். இந்தப் பாவம் யாருடையது, என்னுடையதா அந்த அம்மாவுடையதா, இது பாவம்தானா, எனக்குத் தெரியவில்லை. இது ஏதாவது செய்யும் என்றால் எனக்குச் செய்யட்டும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன், யாரிடம் சொன்னேன் என்றும் தெரியவில்லை. "போதும்மா, ஒரு துளி வச்சாப் போதும்" என்று பெரியம்மா சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. பேக்டிராப் ஓரத்தில், பூச்சரங்களுக்கு நடுவில், மங்கையர்க்கரசி அம்மா பாதி முகம் தெரிய நின்றுகொண்டிருந்தார், மஞ்சள் பட்ட கையை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. வைஷாலி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் என் கைக்குள் மாறுவதை நான் தொட்டுத் தெரிந்துகொண்டேன். கையில் இருந்ததைக் கடைசித் துளி வரைக்கும் அவளுக்குப் பூசிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.